பழைய நிரலுக்கு மேசைச்சூழலில் ஓர் இடம்: அரை மணி நேர வேலையா?

கேள்வி | 11-01-2025, காலை 9.10

லினக்ஸில் எனக்கு முனையம் (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) போதும். கட்டளையை அடித்தால் நிரல் திறக்கிறது, வேலை முடிகிறது. ஆனால் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை, சாளரம், பட்டியல், ஐகான்களோடு வரும் க்னோம், கேடிஇ போன்ற மேசைச்சூழலில் "முறையாக ஒருங்கிணைப்பது" பற்றி எல்லோரும் பெரிய விஷயம் போலப் பேசுகிறார்கள். பட்டியலில் ஒரு வரி, பக்கத்தில் ஒரு படம். இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குறிப்பு 1 | 11-01-2025, காலை 9.50

மேலே ஒன்றும் இல்லை. அரை மணி நேர வேலை. பத்து வரியில் ஓர் உரைக்கோப்பு எழுதி, டெஸ்க்டாப் என்ற பின்னொட்டோடு சேமித்து, வீட்டு அடைவுக்குள் மறைந்திருக்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் என்ற அடைவில் போட்டால் முடிந்தது. பெயர், இயக்க வேண்டிய கட்டளை, ஐகான், வகை. விண்டோஸின் பழைய ஐஎன்ஐ கோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

சித்தப்பாவின் அச்சகத்துக்கு 2017இல் எழுதிக் கொடுத்த ஆர்டர் கணக்கு நிரல் இன்னும் முனையத்திலிருந்துதான் ஓடுகிறது. பைத்தான் மொழி, சாளரம் வரைய டிகின்டர், மாதத்துக்கு ஓர் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு. கணக்கு எழுதும் அக்கா தினமும் காலையில் கறுப்புத் திரையைத் திறந்து, மேல் அம்புக்குறியை அழுத்தி, நேற்றைய கட்டளையை வரவழைத்து என்டர் தட்டுவார். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். மதியத்துக்குள் அதற்கு ஐகான் வைத்துவிட்டு வந்து இந்த இழையை மூடிவிடுகிறேன்.

குறிப்பு 2 | 11-01-2025, பிற்பகல் 1.15

பட்டியலில் பெயர் வந்துவிட்டது. படம் வரவில்லை. நான் வரைந்த அச்சு இயந்திரத்துக்குப் பதிலாக யாருக்கும் சொந்தமில்லாத பொது ஐகான் உட்கார்ந்திருக்கிறது. வெளியேறி மீண்டும் உள்நுழைந்தேன். கணினியையே அணைத்துப் போட்டேன். அதேதான்.

குறிப்பு 3 | 11-01-2025, பிற்பகல் 1.40

கண்டுபிடித்துவிட்டேன், தவறு என்னுடையது. என் படம் நூறுக்கு நூறு புள்ளி அளவு. அதனால் ஹைகலர் என்ற பொது ஐகான் தொகுப்பின் அடைவுக்குள் 100 x 100 என்று நானாக ஓர் அடைவு உருவாக்கி அதில் வைத்தேன். எந்தெந்த அளவு அடைவுகளில் தேட வேண்டும் என்ற பட்டியல் அந்த ஐகான் தொகுப்பின் இண்டெக்ஸ் கோப்பில் இருக்கிறது. 48 இருக்கிறது, 64 இருக்கிறது, 128 இருக்கிறது. 100 இல்லை. பட்டியலில் இல்லாத தெருவில் வீடு கட்டிவிட்டுத் தபால்காரர் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

48க்கு ஒன்று கட்டாயம் வையுங்கள். அதோடு எந்த அளவுக்கும் விரியும் எஸ்விஜி வடிவில் ஒன்றை ஸ்கேலபிள் அடைவில் போட்டுவிட்டால் பெரிய திரைகளிலும் பிசிறில்லாமல் வரும். இதுவரை ஆன நேரம்: மூன்றே முக்கால் மணி. அதில் சாப்பாடும் அடக்கம்.

குறிப்பு 4 | 12-01-2025, காலை 7.30

படத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அதைச் சொடுக்கிப் பார்க்க மறந்திருந்தேன். சொடுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்தி இல்லை, சாளரம் இல்லை, மௌனம்.

முனையத்திலிருந்து இயக்கும்போது பிழை கண்ணெதிரே கொட்டும். ஐகானிலிருந்து இயக்கினால் அது கணினியின் பதிவேடான சிஸ்டம்டி ஜர்னலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே போய்ப் பார்த்தால், வீட்டு அடைவுக்குள் "~" என்ற பெயரில் ஓர் அடைவைத் தேடி, அது இல்லை என்று பைத்தான் சொல்லியிருக்கிறது! கட்டளை வரியில் நான் பழக்கதோஷத்தில் அலைக்குறி போட்டிருந்தேன். அலைக்குறியை வீட்டு அடைவாக விரிப்பது முனையத்தில் கட்டளைகளைப் படிக்கும் ஷெல்லின் வேலை. டெஸ்க்டாப் கோப்பில் கட்டளையைச் சொல்லும் எக்ஸெக் வரிக்கும் கட்டளைக்கும் நடுவே ஷெல் கிடையாது. அதனால் வீட்டு அடைவைக் குறிக்கும் டாலர் ஹோமும் விரியாது, ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் நீங்கள் எழுதி வைத்த எதுவும் எட்டாது. முழுப் பாதையை எழுதினேன். திறந்தது.

குறிப்பு 1இல் "பத்து வரி" என்றேன். பத்து வரிதான். வரிக்கு எத்தனை மணி நேரம் என்று அப்போது சொல்லவில்லை.

குறிப்பு 5 | 13-01-2025, இரவு 9.20

இன்று போகி. இதை நிதானமாகத்தான் எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு அச்சகக் கணினியில் எல்லாவற்றையும் நிறுவினேன். அக்காவைக் கூப்பிட்டு, "இனிமேல் கறுப்புத் திரை வேண்டாம், இந்தப் படத்தைச் சொடுக்குங்கள்" என்றேன். சொடுக்கினார். சாளரம் திறந்தது. ஜனவரி மாதம். ஆர்டர்கள்: 0. முன்பணம்: 0. பாக்கி: 0.

தை பிறந்தால் கல்யாணங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்நூறு அழைப்பிதழுக்கு முன்பணம் கட்டியவர் ரசீதை நீட்டியபடி நிற்கிறார். சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போகி என்று பழைய கணக்கையெல்லாம் கொளுத்திவிட்டாயா?"

எனக்குக் கை நடுங்கியது. அக்காதான் பதறவில்லை. முனையத்தைத் திறந்தார், மேல் அம்புக்குறி, என்டர். நாற்பத்தொரு ஆர்டரும் வந்து நின்றன.

நடந்தது இதுதான். நிரலில் தரவுக் கோப்பின் பாதையை "இப்போதைய அடைவுக்குள் தரவு" என்று எழுதியிருந்தேன். அக்காவின் கட்டளை முதலில் அந்த அடைவுக்குள் போய்விட்டுப் பிறகுதான் நிரலை இயக்கும். ஐகானிலிருந்து இயக்கினால் இப்போதைய அடைவு என்பது வீட்டு அடைவு. அங்கே தரவு அடைவு இல்லை, ஆகவே உருவாக்கிக்கொண்டது. ஜனவரிக் கோப்பும் இல்லை. எஸ்க்யூலைட்டிடம் இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாது, வெறுமையான ஒன்றை உருவாக்கிச் சிரித்த முகத்தோடு நீட்டும். முந்தைய நாள் என் மடிக்கணினியில் சோதித்தபோதும் வெற்றுப் பக்கம்தான் வந்தது. அங்கே கணக்கே இல்லாததால் அது எனக்கு இயல்பாகப் பட்டது.

எட்டு வருடமாக இந்தக் குறை நிரலுக்குள் இருந்திருக்கிறது. முனையம் அதை மூடி மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இந்த இழையின் கேள்விக்கு என் இப்போதைய பதில் இதுதான்: மேலே என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

குறிப்பு 6 | 13-01-2025, இரவு 11.05

அவசரத்துக்கு டெஸ்க்டாப் கோப்பில் பாத் என்ற வரியைச் சேர்த்து வேலை அடைவைச் சொல்லிவிட்டேன். வேலை செய்கிறது. ஆனால் படுத்த பிறகு உறுத்துகிறது. நாளை வேறொருவர் வேறொரு வழியாக நிரலை இயக்கினால் மறுபடியும் நாற்பத்தொரு ஆர்டரும் காணாமல் போகும். தரவு எங்கே இருக்கிறது என்பது நிரலுக்கே தெரிந்திருக்க வேண்டும். தரவு வைக்கும் இடத்தைச் சொல்லும் எக்ஸ்டிஜி டேட்டா ஹோம் என்ற சூழல் மாறியைப் (நிரல்களுக்குக் கணினி தரும் மதிப்பு) பார்க்க வேண்டும், அது இல்லையென்றால் வீட்டு அடைவில் லோக்கல், ஷேர். விதி அப்படித்தான் சொல்கிறது. பொங்கல் முடிந்து செய்கிறேன். கரும்பைப் பார்த்துக்கொண்டே பைத்தான் எழுதினால் சித்தி விரட்டுவார்.

குறிப்பு 7 | 17-01-2025, மாலை 6.40

தரவு முறையாக இடம் மாறிவிட்டது. இப்போது வேறு தொல்லை. ஐகானைப் பணிப்பட்டையில் பொருத்தி வைத்தேன். சொடுக்கினால் நிரல் திறக்கிறது. ஆனால் பொருத்திய ஐகான் செத்தது போல அப்படியே இருக்க, பக்கத்தில் இன்னொரு பொது ஐகான் முளைக்கிறது. ஒரே ஆள் இரண்டு நாற்காலியில்.

திறந்திருக்கும் சாளரமும் டெஸ்க்டாப் கோப்பும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பது க்னோமுக்கு எப்படித் தெரியும்? பெயரை வைத்துத்தான். சாளரம் தன் வகைப்பெயரைச் சொல்லும். அது டெஸ்க்டாப் கோப்பின் பெயரோடோ, அதற்குள் ஸ்டார்ட்அப் டபிள்யூஎம் கிளாஸ் என்ற வரியில் உள்ளதோடோ பொருந்த வேண்டும். சாளர விவரம் காட்டும் எக்ஸ்ப்ராப் கட்டளையை இயக்கிச் சாளரத்தின் மேல் சொடுக்கினேன். என் நிரல் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பெயர்: "டிகே". டிகின்டரில் எழுதி, பெயர் சொல்லாமல் விட்ட எல்லா நிரலுக்கும் அதே பெயர்தான். ஊரில் பாதிப் பேருக்குக் குலதெய்வத்தின் பெயர் வைத்தது போல.

முதன்மைச் சாளரத்தை உருவாக்கும் வரியில் கிளாஸ்நேம் என்று ஒரே ஒரு மதிப்பைக் கொடுத்தேன். தீர்ந்தது. முதல் எழுத்தை அதுவே பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்ளும். அதனால் உங்கள் நினைவிலிருந்து எழுதாதீர்கள், எக்ஸ்ப்ராப் காட்டுவதை அப்படியே நகலெடுங்கள். திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலாண்டில் நேரடியாக ஓடும் நிரல்களுக்கு எக்ஸ்ப்ராப் உதவாது. அங்கே ஆப் ஐடி என்று ஒன்று உண்டு, அது டெஸ்க்டாப் கோப்பின் பெயரோடு பொருந்தினால் நல்லது. டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே, பழைய முறை நிரல்களுக்கான எக்ஸ்வேலாண்ட் வழியாக ஓடுவதால் நான் தப்பித்தேன்.

குடும்ப அட்டையில் ஓர் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் வேறோர் இனிஷியல் இருந்து அலைந்தவர்களுக்கு இது உடனே புரியும். கோப்பின் பெயர், ஐகானின் பெயர், சாளரத்தின் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஆள் ஒருவர்தான் என்று கவுன்டரில் நின்று வாதாடி என்ன பயன்?

குறிப்பு 8 | 19-01-2025, காலை 10.00

"கோப்பை இரட்டைச் சொடுக்கினாலே உங்கள் நிரல் திறக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். திறக்காது. மாதக் கோப்புகளின் பின்னொட்டு டிபி. எஸ்க்யூலைட் கோப்பின் முதல் 16 பைட்டுகளிலேயே அதன் வடிவப் பெயர் எழுதியிருக்கும், அதைப் பார்த்து "இது ஏதோ தரவுத்தளம்" என்று மேசைச்சூழல் முடிவு செய்துவிடுகிறது. அது பொய்யும் இல்லை.

தனிப் பின்னொட்டு வைக்கப் போகிறேன்: அச்சு. ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் புதிய மைம் வகையை (கோப்பு எந்த வகை என்று சொல்லும் பெயர்) அறிவித்து, மைம் தரவுத்தளத்தைப் புதுப்பித்து, டெஸ்க்டாப் கோப்பில் மைம்டைப் வரியில் அதையே எழுத வேண்டும். மறுபடியும் பெயர்ப் பொருத்தம்.

குறிப்பு 9 | 19-01-2025, பிற்பகல் 3.30

கோப்பு திறக்கிறது. அளவுக்கு மீறித் திறக்கிறது.

போன வருட மாதங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஏழு கோப்புகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினேன். ஏழு சாளரங்கள். எக்ஸெக் வரியின் கடைசியில் விழுக்காட்டுக் குறியும் சிறிய எஃப் எழுத்தும் போட்டிருந்தேன். அதன் பொருள் "கோப்புக்கு ஒரு முறை இயக்கு" என்பது. பெரிய எஃப் ஆக மாற்றினேன். இப்போது ஒரே சாளரம், ஏழு கோப்பின் பெயரும் ஒரே அழைப்பில் வருகின்றன. என் நிரல் முதல் பெயரை மட்டும் படித்துவிட்டு மற்ற ஆறையும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் 2017இல் நான் அப்படித்தான் எழுதினேன்.

சரி, யூ போட்டுப் பார்க்கலாமே என்று போட்டேன். யூ என்றால் கோப்பின் பாதை வராது, அதன் முகவரி வரும். தமிழ்ப் பெயருள்ள கோப்புக்கு அந்த முகவரி எப்படியிருக்கும் தெரியுமா? "ஏப்ரல்" என்பது யூனிக்கோடில் ஆறு குறியீடுகள். ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. ஆக 54 எழுத்துகள். ஏப்ரல் மாதமே ஒரு லாரி எண்களாக வந்து இறங்கியது. அதை அவிழ்க்கப் பைத்தானில் ஒரு வரி போதும்தான். ஆனால் இணையக் கோப்புகளைத் திறக்கும் தேவை இல்லாதவர்கள் யூ பக்கம் போகாமல் பெரிய எஃப்போடு நிற்பது நல்லது.

இதுவரை ஆன நேரம்: எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

குறிப்பு 10 | 20-01-2025, இரவு 10.15

"இந்த விதிகளையெல்லாம் யார் வைத்தது?" என்ற கேள்விக்கு, தெரிந்த அளவில். கேடிஇ 1996இல் அறிவிக்கப்பட்டது, க்னோம் 1997இல். ஆரம்பத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு. கேடிஇ-யின் முதல் பதிப்பில் இந்தக் கோப்புக்குக் கேடிஇலிங்க் என்று வேறு பின்னொட்டு. நிரல் எழுதுபவர் இரண்டு வீட்டுக்கும் தனித்தனிப் பத்திரிகை வைக்க வேண்டிய நிலை. 2000இல் ஹாவக் பென்னிங்டன் ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தைத் தொடங்கினார். பொதுவாக ஒத்துக்கொண்ட வடிவங்கள் அங்கே எழுதி வைக்கப்பட்டன. அதனால்தான் நான் க்னோமுக்கு எழுதிய அதே பத்து வரி கேடிஇ-யிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு மேசைச்சூழலிலும் செல்லுபடியாகிறது. திட்டிக்கொண்டே எழுதினாலும் இதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

டெஸ்க்டாப் ஃபைல் வேலிடேட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கோப்பில் உள்ள எழுத்துப் பிழை, தவறான வகை எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். இதை முதல் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே எட்டாம் நாள்தான் நினைவு வந்தது.

குறிப்பு 11 | 25-01-2025, இரவு 8.45

மூலையில் ஒரு சிறு ஐகான் உட்கார்ந்து "நகல் எடுத்தாயிற்று" என்று காட்டினால் நன்றாக இருக்குமே என்று அரை நாள் செலவழித்தேன். அப்படிச் சிறு ஐகான்கள் உட்காரும் பழைய முறைத் தட்டை (ட்ரே) க்னோம் 2017இல் 3.26 பதிப்பிலேயே எடுத்துவிட்டது. கேடிஇ-யில் வேறு முறை உண்டு, லினக்ஸ் தொகுப்புகளில் உபுண்டு க்னோமுக்கென ஒரு நீட்சியைச் சேர்த்தே தருகிறது, டெபியனில் நாமாக நிறுவ வேண்டும். விட்டுவிட்டேன். சாளரத்தின் அடியில் ஒரு வரியில் எழுதினால் யார் வேண்டாம் என்கிறார்கள்?

குறிப்பு 12 | 02-02-2025, பிற்பகல் 12.20

அச்சகத்திலிருந்து தொலைபேசி. "தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது" என்று வருகிறதாம்.

காரணம் எளிது, எனக்குத்தான் தோன்றவில்லை. முனையத்தில் அக்கா ஒரு முறைதான் என்டர் தட்டுவார். பணிப்பட்டையில் உள்ள ஐகானுக்கு ஒரு சொடுக்கு போதும், ஆனால் சித்தப்பா எதையும் இரண்டு முறை சொடுக்குவார். முதல் சொடுக்கில் நிரல் கிளம்பும், சாளரம் வரத் தாமதமானால் பொறுமையிழந்து நடுச்சொடுக்கு வேறு. ஒரே மாதக் கோப்பின் மேல் இரண்டு பிரதிகள் ஏறி உட்காருகின்றன. "சேமி" அழுத்தும் வரை பரிவர்த்தனையைத் திறந்தே வைத்திருக்கும் என் பழைய எழுத்துமுறையால் இரண்டாவது பிரதி ஐந்து விநாடி காத்திருந்து கைவிரிக்கிறது. அந்த ஐந்து விநாடி பைத்தானின் இயல்பு மதிப்பு.

இப்போது நிரல் திறந்தவுடன் "எனக்கு முன்னால் யாராவது இருக்கிறார்களா" என்று, நிரல்கள் தங்களுக்குள் பேசும் ஒரு சாக்கெட்டில் விசாரிக்கும். இருந்தால் கோப்புப் பெயர்களைக் கொடுத்துவிட்டு இரண்டாவது ஒதுங்கிவிடும். குறிப்பு 9இல் விட்டுப்போன ஆறு கோப்புகளுக்கும் இதோடு வழி பிறந்தது. ஒரு குறை மட்டும்: ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரம் தானாக முன்னால் வர க்னோம் விடுவதில்லை, "தயார்" என்று ஓர் அறிவிப்பு மட்டும் மேலே தோன்றுகிறது. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது வேறு சாளரம் குறுக்கே பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. சித்தப்பா அந்த அறிவிப்பைத்தான் இப்போது இரண்டு முறை சொடுக்குகிறார்.

குறிப்பு 13 | 08-02-2025, இரவு 9.50

கடைசியாக, தமிழ். டெஸ்க்டாப் கோப்பில் பெயர் வரியை மொழிவாரியாக எழுதலாம். தமிழுக்கான வரியைச் சேர்த்தேன். அச்சகக் கணினி தமிழ் இடைமுகத்தில் இருப்பதால் பட்டியலில் "அச்சகக் கணக்கு" என்று அழகாக வந்துவிட்டது. அக்காவுக்கு இந்த ஒன்றுதான் பிடித்தது. மற்ற இருபது நாள் வேலையும் அவருக்குக் கண்ணில் படவில்லை, படவும் கூடாது.

அது அங்கே நிற்கவில்லை. வெளியே தமிழில் பெயர் இருந்தால் உள்ளேயும் இருக்கலாமே என்று, ஒரு வாடிக்கையாளரின் பெயரை அழைப்பிதழ்க் கோப்பிலிருந்து நகலெடுத்து ஆர்டரில் ஒட்டிப் பார்த்திருக்கிறார். செல்வி. டிகே 8.6 லினக்ஸில் எழுத்துகளைக் குறியீட்டு வரிசைப்படி ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு போகிறது, இடம் மாற்றிக் கோப்பதில்லை. அதனால் ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அடுத்த எழுத்தான ல-வுக்கு முன்னால் போய் நின்றது. க்னோமின் பட்டியலில் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வரையும் நூலகங்கள் அந்தக் கோக்கும் வேலையைச் செய்துவிடுகின்றன. என் சாளரத்துக்குள் செய்ய ஆளில்லை.

அக்கா அதைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கீழே ஒரு வரி: "தம்பி, அச்சுக் கோக்கிற கடையில் எழுத்து இப்படி வரலாமா?"

க்னோமின் சொந்தக் கருவித்தொகுப்பான ஜிடிகே-யில் முழுக்கத் திரும்ப எழுதுவதா, அந்தப் பெயர்ப் பெட்டியை மட்டும் படமாக வரைந்து காட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எதற்கும் நேரக்கணக்கு சொல்வதாக இல்லை.

குறிப்பு 14 | 08-02-2025, இரவு 10.05

குறிப்பு 12இல் "நடுச்சொடுக்கு" என்று எழுதியதைப் பிழை என்று நினைத்து இருவர் கேட்டிருக்கிறார்கள். பிழை இல்லை. பணிப்பட்டை ஐகானில் சுட்டியின் நடுப் பொத்தானை அழுத்தினால் க்னோமில் புதிய சாளரம் கேட்பதாகப் பொருள். சித்தப்பாவின் சுட்டியில் இடப் பொத்தான் தேய்ந்துவிட்டதால் சக்கரத்தையே அழுத்திப் பழகியிருக்கிறார். ஊருக்குப் போகும்போது புதிய சுட்டி ஒன்று வாங்கிப் போக வேண்டும்.